பாலத்துக்கு எந்தப் பக்கம் மோசமான ஓட்டுநர்?

சிங்கப்பூரில் நான்கு பேர் கூடி மலேசியப் பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சாப்பாடு முடிந்ததும் பேச்சு சாலைக்கு வந்துவிடும். "அங்கே ஓட்டுகிறவர்களுக்கு விதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. இண்டிகேட்டர் போட மாட்டார்கள். பாதிப் பேர் கையில் இருப்பது கோப்பி ஓ லைசன்ஸ்" என்பார்கள். லஞ்சம் கொடுத்து வாங்கிய ஓட்டுநர் உரிமத்துக்கு மலேசியர்களே வைத்த பெயர் அது. இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டி, மலேசியப் பக்கம் ஜொகூரில் உறவினர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் அதே பேச்சு நம் பக்கம் திரும்பும். "சிங்கப்பூர் வண்டியா, ஒதுங்கிக்கொள். ஊரில் அடக்கிவைத்ததையெல்லாம் இங்கே வந்துதான் தீர்த்துக்கொள்வார்கள். அபராதச் சம்மன் வந்தாலும் கட்ட மாட்டார்கள்." இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவன் என்பதால் இரண்டு பேச்சுக்கும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

ஈப்போவில் கல்யாணம், கிள்ளானில் கருமாதி, தீபாவளி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று வடக்கே வண்டி ஓட்டிப் போவது எங்கள் குடும்பத்துக்கு வழக்கம். அந்தச் சாலையில் கண்டதை வைத்துப் பார்த்தால் இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது. கடவுச்சீட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைத்தான் காணோம். (இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டும் சிவப்புதான் என்பது வேறு விஷயம்.)

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். சிங்கப்பூரில் அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். தீவு விரைவுச்சாலையில் 90 வரை போகலாம் என்ற இடத்தில் 85-இல் போவார். எந்தச் சந்திப்பில் கேமரா இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அதே மனிதர் ஜொகூரில் ஸ்கூடாய் சுங்கச்சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைத் தட்டினார். கட்டை உயர்ந்தது. இருக்கையை ஒரு பல் முன்னே இழுத்துக்கொண்டார். குலாய் வருவதற்குள் வேகமானியின் முள் 150-ஐத் தொட்டுவிட்டது. அங்கே உச்ச வேகம் 110. பின்னிருக்கையில் அவர் மனைவி சன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்தவர், யோங் பெங் வரை விடவில்லை. வலத்தடத்தில் முன்னால் மைவி என்ற சிறிய மலேசியக் கார் ஒன்று, ஜொகூர் எண், ஒரு லாரியை முந்துவதற்காக ஒழுங்காக 110-இல் போய்க்கொண்டிருந்தது. விளக்கை அடித்து அடித்து அதை ஒதுக்கினார். ஒதுக்கிவிட்டு என்னிடம், "பார்த்தீர்களா, வலத்தடத்தில் எப்படி ஊர்கிறான்? இவர்களுக்கு ஓட்டவே தெரியாது" என்றார்.

இனி மறுபக்கம். என் பெரியப்பா மகனுக்கு ஸ்கூடாயில் வீடு, சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளில் கிளம்பி ஜொகூர் பாலத்தைக் கடக்கும் பல்லாயிரம் மலேசியர்களில் அவரும் ஒருவர். 1924-இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தப் பாலத்தைச் சாதாரண நாளிலேயே மூன்று லட்சம் பேர் அளவில் கடக்கிறார்கள். ஒரு நாள் என் வண்டியை ஜொகூர்ப் பட்டறையில் விட்டுவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்து ஊர் திரும்பினேன். ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் இரண்டு கொள்கலன் லாரிகளுக்கு நடுவே புகுந்தார். என் முழங்கால் ஒரு சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஆளில்லாத ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேகத்தைக் குறைத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், போய்விட்டார். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டினோம். முதல் சிவப்பு விளக்கு. சாலையில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் பின்னாலேயே நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு, பச்சை விழும் வரை அசையாமல் நின்றார்.

"இங்கேயும்தான் யாரும் இல்லையே அண்ணே" என்றேன்.

"அந்தப் பக்கம் சிவப்பில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இங்கே என்ன ஆகும் என்று தெரியும், தம்பி" என்றார்.

சாலைப் பாதுகாப்பைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடத் தெளிவானது இல்லை. தண்டனை பெரிதா சிறிதா என்பதைவிட, அது வருமா வராதா என்பதுதான் ஆளை நிறுத்துகிறது. சிங்கப்பூரில் 24 மாதங்களுக்குள் 24 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் முடங்கும். அதைக் கண்காணிக்க எல்லா இடத்திலும் கேமரா. மலேசியச் சட்டப் புத்தகமும் மெலிந்தது அல்ல. அங்கேயும் குற்றப்புள்ளி முறை உண்டு, கேமராக்கள் உண்டு. ஆனால் அபராதத்தில் பாதியைக் குறைக்கும் சலுகையைப் பல ஆண்டுகளாக அவ்வப்போது அறிவித்துவந்தார்கள். துணிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பது போலச் சம்மனைச் சேர்த்துவைத்துக் காத்திருக்க மக்கள் பழகிவிட்டார்கள். சிங்கப்பூர் வண்டிகளின் கதை இன்னும் வசதியானது. அபராதச் சீட்டு பாலத்தைத் தாண்டி வராது என்ற நம்பிக்கையில்தான் என் நண்பரின் முள் 150-க்குப் போனது. 2025 ஜூலை 1 முதல், நுழைவு அனுமதிக்குப் பதிவு செய்யாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு மலேசியா 300 ரிங்கிட் அபராதம் விதிக்கத் தொடங்கியது. வண்டி யாருடையது என்பது இப்போது அவர்கள் பதிவில் இருக்கிறது. அந்த அனுமதி வில்லையைக் காரில் ஒட்டிய பிறகு நண்பர் குலாயில் 120-க்கு மேல் போவதில்லை. திருந்திவிட்டார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"என்ன சொன்னாலும் அது ரத்தத்தில் ஊறியது" என்பார் எங்கள் மாமா ஒருவர், இரண்டாவது டம்ளர் தேநீருக்குப் பிறகு. அவருக்குப் பிரான்சை உதாரணம் காட்டுவேன். 1972-இல் அந்நாட்டுச் சாலைகளில் 16,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள்தொகை கொண்ட மஸாமே என்ற சிறு நகரம் தெற்கே இருக்கிறது. மறு ஆண்டு அந்த ஊர் மக்கள் தெருவில் பிணங்களைப் போலப் படுத்துக் காட்டினார்கள்; ஓர் ஆண்டில் ஓர் ஊரே அழிகிறது என்று தொலைக்காட்சி அதை நாடு முழுவதற்கும் காட்டியது. பிறகு இருக்கைவார் கட்டாயமானது, வேகவரம்பு வந்தது, குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு இறுகியது, 2003-இலிருந்து தானியங்கிக் கேமராக்கள் வந்தன. இன்று வாகனங்கள் பல மடங்கு பெருகியும், ஆண்டுக்கு இறப்பவர்கள் சுமார் 3,200 பேர். ரத்தம் மாறியதாகத் தகவல் இல்லை. மாமா இதைக் கேட்டுவிட்டு, "பிரெஞ்சுக்காரன் வேறு" என்பார்.

எண்ணிக்கைக்கே வருவோம். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். சிங்கப்பூரில் 2024-இல் இறந்தவர்கள் 142 பேர். மக்கள்தொகையால் வகுத்தாலும் மலேசியாவில் ஏழு, எட்டு மடங்கு. எங்கள் அடுக்குமாடிப் பேச்சு இந்த இடத்தில் வெற்றிப் புன்னகையோடு நின்றுவிடும். இறந்தவர்கள் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. மலேசியாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மோட்டார்சைக்கிளில் போனவர்கள். சிங்கப்பூரிலும் பாதிக்கு மேல் அவர்கள்தான். எங்கே அதிக பேர் இரண்டு சக்கரத்தில், கார்களோடும் லாரிகளோடும் ஒரே தடத்தில் போகிறார்களோ அங்கே அதிக பேர் சாகிறார்கள். 1970-களிலேயே கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்றே தனித்தடம் போட்ட நாடு மலேசியா. அது எல்லாச் சாலையிலும் இல்லை என்பதுதான் சிக்கல். தவிர, சிங்கப்பூர் ஒரு நகரம். எதிரும் புதிருமாக வண்டிகள் ஓடும் நெடுந்தூர நாட்டுப்புறச் சாலை இங்கே கிட்டத்தட்ட இல்லை. மலேசியாவில் அதிக உயிரைக் குடிப்பவை அத்தகைய பழைய கூட்டரசுச் சாலைகளே. நம் ஆட்கள் பயப்படும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை அவற்றைவிடப் பாதுகாப்பானது. நடுவே தடுப்பு இருக்கிறது, குறுக்கே யாரும் வருவதில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் முதல் விதி: சுங்கக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பழைய சாலையில் போகிறதில்லை. போயே ஆகவேண்டிய ஊர் என்றால் பகலில் போவோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஒற்றைத் தடத்தில், முன்னால் பழக்குலை ஏற்றிய லாரி 50-இல் ஊரும். பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழந்து வளைவிலேயே முந்துவார்கள், ஜொகூர் எண்ணும் சிங்கப்பூர் எண்ணும் ஒன்றுபோலவே. அங்கே நான் செய்வது ஒன்றுதான். லாரியோடு ஒட்டிக்கொள்ளாமல், எனக்கும் அதற்கும் நடுவே ஒரு வண்டி நுழையும் அளவுக்கு இடம் விடுவேன். முந்துகிறவர் எதிரே வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே பாய்வதற்கு அந்த இடம் வேண்டும். "உங்களை எல்லோரும் முந்துகிறார்கள் அப்பா" என்று மகன் குறைப்படுவான். முந்தட்டும்.

ஓட்டுநரின் நாட்டை ஆராய்ந்துகொண்டிருக்கும் கண், பார்க்கவேண்டியதைப் பார்க்காது. மலேசியாவில் பார்க்கவேண்டியது இடப்பக்கக் கண்ணாடி. இடது பக்கம் திரும்பும்போது நம் வண்டிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே ஒரு மோட்டார்சைக்கிள் வந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் வரும். கண்ணாடியில் தெரியாத பகுதியைத் தலையைத் திருப்பிப் பார்த்தே தீரவேண்டும். விளக்கில் நின்றால் இரண்டு பக்கமும் அவர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். பச்சை விழுந்ததும் அவர்கள் போய் முடியட்டும் என்று ஒரு மூச்சு பொறுப்பேன். பின்னால் ஹாரன் கேட்டால் கேட்கட்டும். பிள்ளைகள் சாலைப் பக்கத்துக் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் ஊருக்கு ஊர் மாறாத சட்டம்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிம்பாங் ரெங்கம், மாச்சாப், ஆயர் ஈத்தாம் பகுதியில் மாலை மழை பிடித்துக்கொண்டால் வைப்பர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முன்னால் வெள்ளைத் திரைதான். அப்போது இரண்டு காரியம் நடக்கும். மோட்டார்சைக்கிள்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார்கள். பத்து, இருபது பேர் என்று கூட்டம் சேர்ந்தால் அவசரத் தடத்தைத் தாண்டி இடத்தடம் வரை நிற்பார்கள். மழையிலிருந்து திடீரென்று பாலத்தின் நிழலுக்குள் நுழைகிறவருக்கு அவர்கள் கடைசி நொடியில்தான் தெரிவார்கள். மழை வலுத்தால் மேம்பாலம் வரும் முன்பே இடத்தடத்தை விட்டு விலகிக்கொள்வதே நல்லது. இரண்டாவது, எல்லாக் கார்களும் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். இதில் மலேசியர், சிங்கப்பூரர் என்ற பேதமே இல்லை. எல்லை தாண்டியதும் எங்கள் ஆட்களும் ஒட்டுவாரொட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லா விளக்கும் மினுக்கினால் யார் தடம் மாறப்போகிறார், யார் நின்றுவிட்டார் என்பது எப்படித் தெரியும்? முகப்பு விளக்கைத் தாழ்வாக எரியவிட்டு வேகத்தைக் குறைத்தால் போதும். அதற்கும் முடியாத மழை என்றால் அடுத்த ஓய்வுத்தலத்தில் ஒரு தே தாரிக் குடிக்கலாம். அவசரத் தடத்தில் நிறுத்திக் காத்திருப்பது மட்டும் வேண்டாம். நிற்கும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்து, அதுவே தடம் என்று நினைத்து வந்து மோதுகிறவர்கள் உண்டு. வண்டி பழுதாகி நின்றே ஆகவேண்டும் என்றால், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்கவேண்டும், மழையானாலும் பாட்டியானாலும்.

வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 90-இல் போகும்போது தேவைப்படுவதைவிட 140-இல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தூரம் வேண்டும். 90-க்கே பழகிய கண்ணும் காலும் கொண்டவர்கள் நாங்கள். சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டதால் மட்டும் அவை 140-க்குப் பழகிவிடாது. இதை நண்பரிடம் சொன்னபோது, தன் கார் ஜெர்மன் கார் என்று பதில் சொன்னார்.

ஆனாலும் வேகத்தைவிட நான் அஞ்சுவது தூக்கத்தை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, உட்லண்ட்ஸ் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, நள்ளிரவில் பாலத்தைத் தாண்டி, "விடிவதற்குள் ஈப்போ" என்று அடித்துக்கொண்டு போகிறவர்களைப் பண்டிகைதோறும் பார்க்கிறேன். காலை ஆறு மணியிலிருந்து விழித்திருக்கும் ஒருவர் அதிகாலை ஐந்து மணிக்குத் தாப்பா அருகே ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் சிங்கப்பூரின் மிக ஒழுக்கமான ஓட்டுநராக இருக்கலாம். இமைக்கு அது தெரியாது. நாங்கள் வெள்ளி இரவு பாலத்தைக் கடந்து அண்ணன் வீட்டில் பாயை விரித்துவிடுவோம், காலையில் கிளம்புவோம். உறவினர் இல்லாதவர்களுக்கு ஜொகூர் பாருவில் விடுதி இருக்கிறது. பழுதுபார்ப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மலிவு.

இருக்கைவார் விஷயத்தில் இரண்டு நாட்டாரும் சமம். பின்னிருக்கையிலும் வார் அணிவது மலேசியாவில் 2009-இலிருந்து கட்டாயம், சிங்கப்பூரில் அதற்கும் முன்பிருந்தே கட்டாயம். சித்தியோ பெரியம்மாவோ பின்னால் ஏறினால், "புடவை கசங்கும்" என்ற பதில் இரண்டு நாட்டிலும் ஒன்றே. வார் மாட்டும் வரை வண்டி நகராது என்று நான் சாவியைக் கையில் எடுத்துவைத்துக்கொள்வேன்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் வண்டி என்றால் கிளம்பும்போது முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சோதனைச்சாவடியில் அபராதம் கட்டவோ திரும்பிப் போகவோ நேரும். மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு விற்க 2010-இலிருந்து அங்கே தடை, 97-ஐ நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்காக நிலையத்தில் வாதிட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் பதியவேண்டும். புகார் நகல் இல்லாமல் ஊர் திரும்பி, காப்புறுதி நிறுவனத்தோடு மல்லுக்கட்டியவர்கள் என் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்கு வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அதை நடத்தும் நிறுவனத்தின் சுற்றுக்காவல் வண்டி உண்டு. அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள்.

விளக்கடிப்பதை மட்டும் ஊருக்கு ஊர் புதிதாகக் கற்கவேண்டும். மலேசியாவில் பின்னால் வருகிறவர் அடித்தால் வழி விடு என்று பொருள். கூட்டரசுச் சாலையில் எதிரே வருகிறவர் அடித்தால் பெரும்பாலும் முன்னே போலீஸ் நிற்கிறது. சிங்கப்பூரில் சந்திப்பில் ஒருவர் அடித்தால், "நீங்கள் போங்கள்" என்பதாகவே நாம் எடுத்துக்கொள்வோம். அதே வழக்கத்தோடு மேலே போய் தாய்லாந்துக்குள் நுழைந்தால் ஆபத்து. அங்கே எதிரே வருகிறவர் விளக்கை அடித்தால், "நான் வருகிறேன், அப்படியே நில்" என்று பொருள். நன்றி சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு குறுக்கே திரும்புகிறவரை அங்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள். எந்த நாட்டிலும் நான் விளக்கைப் பார்த்துத் திரும்புவதில்லை. எதிர் வண்டியின் சக்கரம் உண்மையிலேயே வேகம் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

எங்கள் மாடிக்காரர் ஒருவர் விடுமுறைக்குக் காரிலேயே தாய்லாந்து போகத் திட்டமிட்டிருக்கிறார். மின்தூக்கியில் பார்த்தபோது, "தாய்லாந்துக்காரர்கள் எப்படி ஓட்டுவார்கள், மலேசியர்களைவிட மோசமா?" என்று கேட்டார். உங்கள் காப்புறுதி அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்டேன். சிங்கப்பூர்க் காப்புறுதிகள் வழக்கமாக மேற்கு மலேசியாவையும், எல்லைக்கு அப்பால் தாய்லாந்துக்குள் 80 கிலோமீட்டர் வரையும்தான் ஏற்கும். ஹாட்யாய் அதற்குள் வந்துவிடும். அதற்கு மேல் போனால் தனியாக நீட்டித்து வாங்கவேண்டும். தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியையும் எல்லையில் எடுக்கவேண்டும். அவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 80 கிலோமீட்டருக்கு வெகுதூரம் அப்பால் இருக்கும் ஊரைச் சொன்னார்: "கிராபி".